நாடி பார்க்கும் கடிகாரம்



நம் முன்னோர் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தனர். இன்று மணிக்கட்டில் கட்டும் கடிகாரமே அதைப் பார்க்கிறது. தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி, இரத்த ஓட்டத்துக்கேற்ப அது திரும்பும் அளவைக்கொண்டு இருதயத் துடிப்பை எண்ணுகிறது; துடிப்புகளின் இடைவெளி எவ்வளவு மாறுகிறதெனக் கணக்கிட்டு, ‘உமக்கு மனஅழுத்தம் அதிகம்’ என்று தீர்ப்பும் கூறுகிறது. (பரீட்சை மண்டபத்தில் நமக்கு என்ன கூறுமோ!)

எண்ணுவதில் பெரிய குறை சொல்வதற்கில்லை. தீர்ப்பில்தான் ஐயம். கொழுந்துச் சுமையோடு மேட்டு மலை ஏறும் நம் அன்னைக்கும் இருதயம் படபடக்கும். நிறுவையில் குறைந்து அரைப்பேர் விழுமோ என்று அஞ்சும்போதும் படபடக்கும். தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கும் ஆனந்தத்திலும் படபடக்கும். கடிகாரம் இவற்றுள் எதைக் கண்டது?

நாமே வாங்கிக் கட்டுவது நம் விருப்பம். நாளைக்குப் பிரட்டுக்களத்தில் தோட்ட நிருவாகமே கட்டிவிட்டால்? ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தால், தொழிலிடத்திலும் கல்விக்கூடத்திலும் மனிதர் உணர்ச்சியை ஊகிக்கும் முறைகளை 2025 பெப்ரவரி 2 முதல் தடை செய்துள்ளது. வைத்தியத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு. சம்பளப் பேச்சுக்குச் செல்லும் நம் தொழிற்சங்கப் பெரியோர் இதனையும் கேட்டுவைக்க வேண்டுமென இச்சபையில் பணிவுடன் வேண்டுகிறோம்.