வீட்டில் சொறி புகுந்தால்



கொச்சியில் இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் கொடியில் விரித்த வேட்டி மூன்று நாளாயினும் ஈரம் விடாது. அத்தகைய ஒரு நாளில் கலூரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றைக் காணச் சென்றிருந்தேன். பாட்டியார், மகன், மருமகள், இரண்டு குழந்தைகள். இவர்களோடு ஒரு நாயும் ஒரு பூனையும். பாட்டியார் ஒருவர் நீங்கலாக நால்வரும் கையைச் சொறிந்துகொண்டே என்னை வரவேற்றனர். இருமுறை களிம்பு பூசியும் அரிப்பு மீண்டுவிட்டதாம். நாயின் காதோரங்களில் மயிர் உதிர்ந்து, தோல் செதிள் செதிளாய்த் தடித்திருந்தது. "வீடு முழுவதும் பூச்சி மருந்து தெளிக்கப் போகிறேன், நாயை எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடப் போகிறேன்" என்றார் வீட்டுக்காரர். அந்த இரண்டும் வேண்டாத வேலை என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

சொறியை உண்டாக்குவது உண்ணி இனத்தைச் சேர்ந்த எட்டுக்கால் உயிர். பெண் பூச்சியே அரை மில்லிமீட்டர் நீளம் இராது. அது மேல்தோலைக் குடைந்து வளை அமைத்து, நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டைகள் இடும். உடலெங்கும் அரித்தாலும், பொதுவாக ஒருவர் மேனியில் இருப்பவை பத்துப் பதினைந்து பூச்சிகளே. இத்தாலியில் 1687-ஆம் ஆண்டில் பொனோமோ, செஸ்தோனி என்னும் இருவர் இதனை நுண்பெருக்கியால் கண்டு எழுதினர். சொறி பிடித்த குழந்தைகளின் தோலிலிருந்து பெண்கள் ஊசி முனையால் எதையோ எடுப்பதைப் பார்த்தே அவர்கள் ஆராயத் தொடங்கினர். மருத்துவ உலகம் அதை ஏற்க ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன. தாய்மாருக்குத் தெரிந்தது அறிஞருக்கு எட்டக் காலம் பிடிப்பது புதிதன்று!

மனிதச் சொறிக்கு அடையாளம் உண்டு. விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் மெல்லிய வளைகோடுகள் தெரியும். இரவில் அரிப்பு மிகும். முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஆகவே அரிக்காதவர் உட்பட வீட்டிலுள்ள அனைவரும் ஒரே இரவில் மருந்து பூசவேண்டும். ஐந்து விழுக்காட்டுப் பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்து முதல் உள்ளங்கால் வரை தடவி, எட்டு முதல் பதினான்கு மணி நேரம் வைத்துக் கழுவி, ஒரு வாரம் கழித்து மீண்டும் பூசுவது வழக்கம். கைக்குழந்தைக்கும் கருவுற்றவருக்கும் மருத்துவரைக் கேட்டே செய்க. பூச்சிகள் மாண்ட பின்னும் சில வாரங்கள் அரிப்பு இருக்கும். அதற்கு அஞ்சி நாள்தோறும் களிம்பு பூசுவது தோலைப் புண்ணாக்கும். சொறிந்த புண்ணில் சீழ் வைத்தால் தாமதம் கூடாது. அந்தக் கிருமி சிறுநீரகத்தையும் தாக்கவல்லது.

வீட்டிற்கு மருந்து தெளிப்பது ஏன் வீண்? மனித உடலை விட்ட பூச்சி இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் வாழ்வதரிது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் மெல்லன்பி என்பவர், நோயாளிகள் பயன்படுத்திய கம்பளிகளில் தொண்டர்களைப் படுக்கவைத்து ஆராய்ந்தார்; தொற்றியவர் மிகச் சிலரே. மேனியோடு மேனி நெருங்குவதே பெரும்பாலும் காரணம். உடுத்த துணியையும் விரிப்பையும் வெந்நீரில் துவைத்துச் சூடாக இஸ்திரி போட்டால் போதும். கொச்சிக் கோட்டையின் வேளிப் பகுதியில் தமிழ்ச் சலவைத் தொழிலாளர் பல தலைமுறைகளாகச் செய்துவரும் வேலை அதுதான். துவைக்க இயலாதவற்றைப் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைக்கலாம்.

இனி அந்தக் கலூர் வீட்டிற்கு வருவோம். தோல் மருத்துவர் பார்த்தபோது எவருடைய விரலிடுக்கிலும் வளைகோடு இல்லை. தடிப்புகள் எல்லாம் முன்கையிலும் வயிற்றிலும் இருந்தன. நாயை அணைக்கும் இடங்கள் அவை. பாட்டியாரோ நாயைத் தொடுவதில்லை. கால்நடை மருத்துவர் நாயின் காதோரத்தைச் சுரண்டி நுண்பெருக்கியில் வைத்தார்; பூச்சி தென்பட்டது. நாய்ச்சொறியின் பூச்சி மனிதத் தோலில் சில நாட்கள் கடித்து அரிப்பூட்டும். ஆனால் அங்கே பெருகி நிலைக்காது. நாய்க்கு மருந்து கொடுக்காமல் மனிதர் எத்தனை முறை பூசினும் அரிப்பு மீள்வது இதனால்தான்.

மருமகள், மிஞ்சிய களிம்பைப் பூனைக்கும் தடவிவிடலாம் என்றிருந்தார். கால்நடை மருத்துவர் பதறித் தடுத்தார். பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய நஞ்சு. வலிப்புக் கண்டு உயிரே போகக்கூடும். ஐவர்மெக்டினும் அப்படியே, நமக்குப் பெரிதும் பயன்படும் அம்மருந்து, கோலி போன்ற சில நாயினங்களுக்குச் சிறிது மிகினும் ஆபத்து. வீட்டு விலங்குக்கு மருந்தும் அளவும் கால்நடை மருத்துவர் சொல்லியே ஆகவேண்டும்.

நாய்க்கு மாத்திரையும், பூனைக்கு அதற்குரிய சொட்டு மருந்தும் கிடைத்தன. படுக்கைச் சாக்கு எரிக்கப்பட்டது. ஓணத்திற்குச் சற்று முன்னர் மீண்டும் போயிருந்தேன். நாய் திண்ணையில் படுத்திருந்தது; காதோரம் புதுமயிர் அரும்பியிருந்தது. பாட்டியார் இன்றும் அதைத் தொடுவதில்லை. ஆயினும் அன்று அதற்குச் சோறு வைத்தவர் அவரே.