ஏர் பைப்பில் ஆயில்: இன்ஜினைப் பிரிக்கச் சொன்னால் என்ன கேட்க வேண்டும்?

(கிளப் ஹவுஸில் நடந்த கார் பராமரிப்புக் கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

 

நான் இன்ஜின் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் பார்க்கிங்கில் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சர்வீஸுக்கு விட்டேன் சார். ஏர் பைப்பைக் கழற்றிக் காட்டினார்கள், உள்ளே ஆயில். ரிங் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். சரி சொல்லிவிடலாமா?" அது பெரிய செலவு. சரி சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில், அந்த ஆயில் எப்படி அங்கே வந்தது? பிஸ்டனைச் சுற்றி ரிங் இருந்தாலும், எரியும் வாயுவில் கொஞ்சம் இடுக்கு வழியாகக் கீழே க்ராங்க் கேஸுக்குள் இறங்கும். புது இன்ஜினிலும் இது உண்டு. அந்த வாயுவில் எரியாத எரிபொருள், நீராவி, புகை எல்லாம் இருக்கும். அதை வெளியேற்றாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி சீல்கள் கசியும், ஆயிலும் கெட்டுக் கசடாகும்.

அந்தக் காலத்துக் கார்களில் ஒரு குழாய் வைத்து இதை அப்படியே ரோட்டில் விட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் புகைமூட்டம் பெரிய பிரச்சினையான பிறகு, கலிபோர்னியாவில் 1961 மாடல் கார்களிலிருந்து இதை மறுபடியும் இன்ஜினுக்குள் இழுத்து எரிக்கும் ஏற்பாடு வந்தது. பிசிவி என்று சொல்வது இதைத்தான். இன்று நம் கார்களிலும் இதே வழிதான்.

க்ராங்க் கேஸில் ஆயில் சதா தெறித்துக்கொண்டிருக்கும். வெளியேறும் வாயு அந்த ஆயில் துளிகளையும் கூட்டிக்கொண்டு போகும். வழியில் உள்ள ஒரு தடுப்பு பெரும்பகுதியைப் பிடித்துவிடும். தப்பியது ஏர் பைப்பில் படியும். டர்போ கார்களில் இன்டர்கூலர் வரை போகும். ஆகவே, விரலால் தொட்டால் பிசுக்கு ஒட்டுகிறது என்றால் அது சகஜம். பைப்பைக் கவிழ்த்தால் ஆயில் ஊற்றுகிறது என்றால் காரணம் தேட வேண்டும்.

எங்கே தேடுவது? செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள்.

ஒன்று, ஆயில் அளவு. காரைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். பேஸ்மென்ட் சரிவில் நிறுத்திப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். மேல் கோட்டுக்கு மேலே இருந்தால், க்ராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கி பைப்புக்குள் தள்ளும். சர்வீஸில் கூடுதலாக ஊற்றியிருந்தாலே இது நடக்கும்.

பிஎஸ் 6 டீசல் கார் வைத்திருப்பவர்கள் இதைக் குறிப்பாகக் கவனியுங்கள். புகை வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க, இன்ஜின் அவ்வப்போது கூடுதலாக டீசல் செலுத்தும். தினமும் இரண்டு கிலோமீட்டர் போய் அணைத்துவிட்டால் அந்த வேலை பாதியில் நிற்கும். மிஞ்சிய டீசல் ஆயிலில் கலந்து, நாம் ஊற்றாமலே அளவு ஏறும். "ஆயில் குறையவே இல்லை, நல்ல இன்ஜின்" என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். ஆயில் நீர்த்தால் பேரிங் தேயும். அளவு மிக ஏறினால், டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக உறிஞ்சி, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் உறுமத் தொடங்கலாம்.

இரண்டு, பிசிவி வால்வும் அதன் குழாயும். இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறந்து, ஒரு மெல்லிய காகிதத்தை அதன் மேல் வையுங்கள். துப்பட்டா, சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ஆயில் தெறிக்கலாம், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் காகிதம் லேசாக ஒட்டிக்கொள்ளும், அது நல்லது. காற்று பலமாக வெளியே தள்ளினால் பிசிவி அடைத்திருக்கலாம், அல்லது ரிங் தேய்ந்திருக்கலாம். மூடியைத் திறக்கவே முடியாதபடி இழுத்து, விசில் சத்தமும் வந்தால், உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். பல பெட்ரோல் கார்களில் பிசிவி வால்வு தனியாகக் கிடைக்கும் சின்னப் பாகம். சிலவற்றில் வால்வு கவரோடு சேர்ந்து வரும். எப்படி இருந்தாலும் இன்ஜின் வேலையை விடச் செலவு குறைவு.

மூன்று, இவை இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் ரிங்கைப் பற்றிப் பேசலாம். அப்போதும் பைப்பைக் காட்டியது போதாது. கம்ப்ரஷன் டெஸ்ட் செய்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். நீலப் புகை வருகிறதா, ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குறைகிறது என்று நீங்களும் குறித்து வையுங்கள்.

மூடிக்கு அடியில் மோர் மாதிரி வெள்ளையாக இருக்கிறது என்றும் சிலர் கேட்டீர்கள். குறைந்த தூரமே ஓடும் காரில், சூடு ஏறாத ஆயிலில் நீராவி தங்கிவிடுவதால் அது வரும். கூலன்ட் அளவு குறையாமல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுவது இதற்கும், நான் சொன்ன டீசல் பிரச்சினைக்கும் நல்ல மருந்து.

கடைசியாக, மூன்று காரியங்களைச் செய்யாதீர்கள். ஆயில் வருகிறதே என்று அந்தக் குழாயை அடைத்துவிடாதீர்கள். அழுத்தம் சீலை உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஆன்லைனில் விற்கும் கேட்ச் கேன், அதிலும் மேலே சின்ன ஃபில்டர் வைத்துத் திறந்திருக்கும் வகை, வேண்டவே வேண்டாம். அந்த வாயு நம் பேஸ்மென்ட்டில்தான் நிற்கும். நம் வாட்ச்மேன் அண்ணன் இரவு முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். உற்பத்தியாளர் அமைத்ததை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்துக்கும் பொருந்தாது. பழைய ஆயிலை மழைநீர் வடிகாலில் ஊற்றுவதும் கூடாது. அது அபாயக் கழிவு. ஆயில் மாற்றும் இடத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

இப்போது எல்லோரும் விசிட்டர் பார்க்கிங்குக்கு வாருங்கள். அது சமதளம். டிப்ஸ்டிக் பார்ப்பதை அங்கேயே செய்து காட்டுகிறேன். ஒரு பழைய துணி மட்டும் எடுத்து வந்தால் போதும்.