இடம்பெயர்ந்த பிள்ளையும் வகுப்பறை விளையாட்டும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மூத்தோர் நிறைந்த இச்சபையிலே விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். இது சிறுபிள்ளைத்தனம் எனச் சிலர் எண்ணக்கூடும். ஆனால் ஊரிழந்து வந்த பிள்ளை புதிய பாடசாலையிலே முதன்முதற் சந்திக்கும் பரீட்சை விளையாட்டுத்தான். அதிலே ஒதுக்கப்பட்ட பிள்ளைக்குப் பாடத்தில் மனஞ் செல்வது அரிது.

இடப்பெயர்வு நம் நாட்டுக்குப் புதியதன்று. 1990இலே வடபுலத்து முஸ்லிம் மக்கள் தம் இல்லங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தனர். 2004 டிசெம்பர் 26இலே கடல் பொங்கிற்று. 2009இலே வன்னி மக்கள் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் முகாம்களில் அடைபட்டனர். 2014இலே மீரியபெத்தையில் மலை சரிந்தது. ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு வகுப்பறையின் கடைசி வாங்கிலே புதிய பிள்ளையொன்று வந்து அமர்ந்தது.

எமது குற்றமொன்றை இங்கு மறையாது சொல்லிவிடுகின்றோம். 2010இலே நாம் இரண்டாந் தரத்திற் படித்தபொழுது, முகாமிலிருந்து வந்த சிறுவனொருவன் எம் வகுப்பிற் சேர்ந்தான். பந்து யார் கைக்கு வருகின்றதோ அவர் தம் வீட்டைப் பற்றிச் சொல்லல் வேண்டும் என்றொரு விளையாட்டு நடந்தது. பந்து அவன் கைக்கு வந்தது. அவன் வாய் திறக்கவில்லை. நாம் சிரித்தோம். அடுத்துச் சங்கீதக் கதிரை. முதற் சுற்றிலேயே வெளியேறி, சுவரோடு சாய்ந்து நின்று, ஏனையோர் ஓடுவதைப் பார்த்திருந்தான். மறு தவணைக்கு அவன் வரவில்லை. ஆசிரியர் தீங்கு நினைத்தவரல்லர். பிழை விளையாட்டின் அமைப்பிலே இருந்தது; அமைப்பை மாற்றுதல் நம்மால் இயலும்.

முதலாவது, வீடு, தந்தை, ஊர் என இழந்தவற்றைக் கேட்கும் விளையாட்டு வேண்டாம். பெயரைச் சொல்லி ஒரு தாளந் தட்டுக. எல்லோரும் அதனைத் திருப்பித் தட்டுக. அதுவே அறிமுகமாகும்.

இரண்டாவது, இருவர் தலைமை தாங்கி ஆள் பிரிக்கும் வழக்கத்தை விடுக. இறுதிவரை எவரும் அழையாது நிற்பவன் புதியவனே. பைக்குள்ளே வேம்பிலை, மாவிலை, பூவரசிலை இட்டு எடுக்கச் செய்க. ஒரே இலை எடுத்தோர் ஒரு கட்சி.

மூன்றாவது, தோற்றவரை வெளியேற்றற்க. சங்கீதக் கதிரையிலே கதிரைகளைக் குறைக்கலாம். ஆனால் எஞ்சிய கதிரைகளிலே எல்லோரும் எவ்வாறாயினும் இடம்பிடித்தல் வேண்டும் என விதி செய்க. ஒருவரையொருவர் தள்ளிய கைகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ளும்.

நான்காவது, புதியவனிடம் ஏதேனும் ஒன்று பெறவேண்டிய நிலையை உண்டாக்குக. அமெரிக்காவில் ஒஸ்ரின் நகரப் பாடசாலைகளில் வெள்ளையர், கறுப்பர், மெக்சிக்கர் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பிற் கூடிப் பூசலுற்றபொழுது, 1971இலே எலியட் அரன்சன் என்னும் உளவியலறிஞர் பாடத்தைத் துண்டுகளாக்கிக் குழுவிலே ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். ஒவ்வொருவரும் தம் துண்டை மற்றையோருக்குக் கற்பித்தாலன்றிப் பாடம் முழுமையாகாது. ஏளனஞ் செய்த பிள்ளை செவிசாய்க்க வேண்டியதாயிற்று. நம்மூர்க் கொக்கானையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கூர் அதன் விதி வேறுபடும். வந்த பிள்ளை தன் ஊர் விதியைக் கற்பிக்கட்டும். அன்று ஆசிரியர் அப்பிள்ளையே.

பலூன் உடைத்தல், திடீரென ஊதல் ஊதுதல் முதலியவற்றையும் தவிர்த்தல் நன்று. ஷெல் ஓசை கேட்ட செவிக்கு அது விளையாட்டன்று. ஆடவிரும்பாத பிள்ளையை இழுத்துவிடாது, புள்ளி எழுதும் பணியைக் கொடுக்கலாம். மனம் வந்தபொழுது தானே எழுந்து வரும்.

புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்குகையில் இதற்கு நேரமேது எனப் பெற்றோர் கேட்பர். நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் போதும். விளையாடுதல் பிள்ளையின் உரிமையென 1989ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை கூறுகின்றது. 1991இலே இலங்கையும் அதனை ஏற்றது. விளையாட்டு வீடு கட்டித் தராது, பசியும் தீர்க்காது. எனினும் "நாளைக்கும் வா" என ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் சொல்வதற்கு அது வழிசெய்யும். அன்று அச்சிறுவனிடம் நாம் சொல்லத் தவறிய சொல் அதுவே.

இச்சங்கத்து இளைஞர் கிழமைக்கொருநாள் அண்மையிலுள்ள பாடசாலையொன்றுக்குச் சென்று இவ்விளையாட்டுக்களை நடத்த முன்வருவாராக. கதிரை குறையலாம், பிள்ளை குறைதலாகாது.