எண்ணுவதும் உறுதிசெய்வதும்: ஜோர்ஜியா மாநிலத்தின் 2020 தேர்தல் உணர்த்தும் உண்மை



தேர்தல் நாளன்று இரவு தொலைக்காட்சித் திரையில் ஓடும் எண்களையே தேர்தல் முடிவு என்று பலரும் கருதுகின்றனர். சட்டத்தின் பார்வையில் அவை முடிவு அல்ல. முதற்கட்ட அறிக்கைகள் மாத்திரமே. அதன் பின்னர் பல நாட்கள், சில வேளைகளில் பல வாரங்கள் சரிபார்ப்பு நடைபெறுகின்றது. அச்சரிபார்ப்பின் இறுதியில் பொறுப்புடைய உத்தியோகத்தர்கள் கையொப்பம் இட்ட பின்னரே அந்த எண்கள் சட்டபூர்வமான பெறுபேறாகின்றன.

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் பலருக்கு இந்த இடைக்காலம் விளங்காத ஒன்றாகவே இருந்து வருகின்றது. இலங்கையிலோ இந்தியாவிலோ பிறந்து வளர்ந்தவர்கள், நாடு முழுமைக்கும் ஒரே தேர்தல் ஆணையம் இருப்பதையும், எண்ணத் தொடங்கிய ஓரிரு நாட்களில் வெற்றியாளர் பெயர் அறிவிக்கப்படுவதையும் கண்டு பழகியவர்கள். அமெரிக்காவில் அவ்வாறு வாக்குகளை எண்ணி முடிவை அறிவிக்கும் மத்திய அமைப்பு இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் வாக்களிப்பை நடத்தி எண்ணுபவை கவுண்டி எனப்படும் உள்ளூராட்சிப் பிரிவுகள். அவற்றின் கணக்கைத் திரட்டி இறுதி உறுதிச்சான்று வழங்குபவை மாநிலங்கள். ஆகவே, தேர்தல் நாளுக்கும் உறுதிச்சான்றுக்கும் இடையே எண்கள் மாறுவது இயல்பு. அந்த மாற்றத்தைக் காண்பவர் மனதில் ஐயம் எழுவதும் இயல்பே. ஐயம் கொள்வது குற்றமன்று. விடை எங்கே இருக்கின்றது என்று அறியாதிருப்பதே குறை.

2020ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் நடைபெற்ற அமெரிக்க சனாதிபதித் தேர்தலில் ஜோர்ஜியா மாநிலம் அந்த விடையை முழுமையாக வெளிக்கொணர்ந்தது. 159 கவுண்டிகளைக் கொண்ட அம்மாநிலத்தில் ஏறத்தாழ 50 இலட்சம் வாக்குகள் அளிக்கப்பட்டன. சனநாயகக் கட்சியின் ஜோ பைடனுக்கும் குடியரசுக் கட்சியின் டொனால்ட் ட்ரம்ப்புக்கும் இடையிலான வேறுபாடு, முதற்கட்ட எண்ணிக்கையில் ஏறத்தாழ 14,000 வாக்குகள் மாத்திரமே. தேர்தலுக்குப் பொறுப்பாக இருந்த மாநிலச் செயலாளர் பிராட் ராஃபென்ஸ்பெர்கர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

சரிபார்ப்பில் உத்தியோகத்தர்கள் கேட்கும் முதற் கேள்வி “யார் வென்றார்?” என்பதன்று, “எத்தனை பேர் வந்தனர், எத்தனை சீட்டுகள் உள்ளன?” என்பதேயாகும். வாக்களிப்பு நிலையத்திற்கு வந்தவர்களின் எண்ணிக்கை வாக்காளர் இடாப்பில் பதிவாகியிருக்கும். பெட்டியில் விழுந்த சீட்டுகளின் எண்ணிக்கை வருடும் இயந்திரத்தில் பதிவாகியிருக்கும். இவ்விரண்டும் பொருந்த வேண்டும். பொருந்தாவிடின், வாக்காளர் ஒருவர் சீட்டைப் பெற்றபின் வாக்களிக்காமற் சென்றாரா, பழுதான சீட்டு கணக்கிற் சேர்க்கப்பட்டதா, இயந்திரத்தின் நினைவக அட்டை ஒன்று விடுபட்டதா என்று ஒவ்வொன்றாக ஆராயப்படும். கடையை மூடும் வணிகர் பெட்டியிலுள்ள பணத்தையும் பற்றுச்சீட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது போன்ற வேலை இது. இதில் அரசியல் இல்லை. கணக்கு மட்டுமே உண்டு.

அதன் பின்னர், தேர்தல் இரவில் எண்ணி முடிக்கப்படாத வாக்குகள் கவனிக்கப்படும். அஞ்சல் மூலம் வந்த சீட்டுகளின் உறைகளில் உள்ள கையொப்பம் ஒப்பிடப்படும். கையொப்பத்தில் குறை இருந்தால் வாக்காளருக்கு அறிவித்துத் திருத்திக்கொள்ள வாய்ப்பளிக்கப்படும். தகுதி உடனடியாக உறுதிப்படாதவர்கள் அளித்த தற்காலிக வாக்குகள் தனித்தனியே ஆராயப்படும். வெளிநாடுகளிற் பணியாற்றும் படையினரும் குடிமக்களும் அனுப்பும் சீட்டுகள், தேர்தல் நாளுக்குள் அனுப்பப்பட்டிருப்பின், சட்டம் குறிக்கும் சில நாட்கள் வரை ஏற்றுக்கொள்ளப்படும். இரவில் ஓர் எண்ணும் மறுவாரம் வேறோர் எண்ணும் காணப்படுவதற்கு முதன்மையான காரணம் இதுவே. அவை புதிதாகத் தோன்றிய வாக்குகள் அல்ல. முன்னரே அளிக்கப்பட்டு, முறைப்படி ஆராயப்பட வேண்டியிருந்த வாக்குகள்.

இவ்வளவும் செய்த பின்னரும் ஒரு கேள்வி எஞ்சும். இயந்திரம் சரியாக எண்ணியதா? இக்கேள்விக்கு விடை கூற வேண்டுமாயின், இயந்திரத்திற்கு வெளியே ஒரு சான்று இருக்க வேண்டும். 2002 முதல் ஜோர்ஜியாவில் பயன்பட்ட தொடுதிரை இயந்திரங்கள் காகிதச் சான்று எதனையும் விட்டுவைக்கவில்லை. அவற்றில் மீளெண்ணல் என்பது, அதே இயந்திரத்திடம் அதே எண்ணை மறுபடியும் கேட்பதாகவே இருந்தது. 2019 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்வியந்திரங்களை அவ்வாண்டுக்குப் பின்னர் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. அவ்வாண்டிலேயே மாநிலச் சட்டமன்றமும் காகிதச் சீட்டு முறையையும் தேர்தலுக்குப் பின்னரான கணக்காய்வையும் சட்டமாக்கியது. 2020இல் அறிமுகமான புதிய முறையில், வாக்காளர் திரையில் தெரிவு செய்த பின்னர், அவர் தெரிவுகள் எழுத்தில் அச்சான ஒரு தாள் வெளிவரும். அதனை அவர் படித்துப் பார்த்து வருடியிற் செலுத்துவார். அந்தத் தாள் முத்திரையிட்ட பெட்டியிற் பாதுகாக்கப்படும்.

அந்தத் தாள்களே நவம்பர் மாதத்தில் சாட்சி கூறின. கணக்காய்வில் வழக்கமாக ஒரு மாதிரித் தொகுதிச் சீட்டுகளை மட்டும் எடுத்துக் கையால் எண்ணி, இயந்திரக் கணக்குடன் ஒப்பிடுவர். வெற்றி வேறுபாடு குறையக் குறைய, ஆராய வேண்டிய சீட்டுகளின் எண்ணிக்கை கூடும். ஜோர்ஜியாவில் வேறுபாடு மிகக் குறைவாக இருந்தமையால், நவம்பர் 11ஆம் நாள் மாநிலச் செயலாளர், சனாதிபதித் தேர்தல் வாக்குகள் அனைத்தையும் கையால் எண்ணுமாறு பணித்தார். இருவர் கொண்ட குழுக்கள் ஒவ்வொரு சீட்டையும் கையில் எடுத்து, அச்சான பெயரைப் படித்து, மற்றவர் அதனை உறுதிசெய்த பின்னர் வேட்பாளர் வாரியாக அடுக்கின. ஐயத்துக்குரிய சீட்டுகளை இரு கட்சிகளும் நியமித்தவர்கள் அமர்ந்து ஆராய்ந்தனர். கட்சிப் பார்வையாளர்களும் ஊடகத்தாரும் பார்த்திருந்தனர்.

இங்கே மறைக்காமற் கூற வேண்டியது ஒன்றுண்டு. தவறுகள் வெளிப்பட்டன. புளோய்ட் கவுண்டியில் 2,500க்கும் மேற்பட்ட சீட்டுகள் முதல் எண்ணிக்கையில் வருடப்படாமலே விடப்பட்டிருந்தன. ஃபேயெட் கவுண்டியில் 2,755 வாக்குகள் கொண்ட நினைவக அட்டை ஒன்று பதிவேற்றப்படாமல் இருந்தது. வால்டன், டக்ளஸ் கவுண்டிகளிலும் சில நூறு வாக்குகள் இவ்வாறு கண்டெடுக்கப்பட்டன. இவற்றால் ட்ரம்ப்புக்கு ஓரளவு வாக்குகள் கூடின; பைடனின் முன்னிலை குறைந்தது. புளோய்ட் கவுண்டியின் தேர்தல் பொறுப்பாளர் பதவி இழந்தார். சரிபார்ப்பு ஒரு தரப்புக்குச் சார்பான சடங்காக இருந்திருந்தால், முன்னிலையில் உள்ளவருக்குப் பாதகமான இந்த வாக்குகள் வெளிவந்திருக்க மாட்டா.

கையால் எண்ணிய கணக்கில் பைடனின் முன்னிலை 12,284. விடுபட்டவை சேர்க்கப்பட்ட இயந்திரக் கணக்கின்படி, நவம்பர் 20ஆம் நாள் மாநிலம் உறுதிச்சான்று வழங்கிய போது அது 12,670. வேறுபாடு அரை விழுக்காட்டிற்கும் குறைவாக இருந்தமையால் ட்ரம்ப் தரப்பு சட்டப்படி மீளெண்ணலைக் கோரியது. சீட்டுகள் மறுபடியும் வருடப்பட்டன. அதன் பெறுபேறு பைடன் 24,73,633, ட்ரம்ப் 24,61,854, வேறுபாடு 11,779. டிசம்பர் 7ஆம் நாள் மாநிலம் இக்கணக்கினை மறுபடியும் உறுதிசெய்தது.

மூன்று முறை எண்ணியும் மூன்று எண்கள் வருவானேன் என்று கேட்போர் உண்டு. 50 இலட்சம் தாள்களை மனிதர்கள் கையாளும் போது சிறு பிசகுகள் நேரவே செய்யும். பெருங்கவுண்டியான ஃபுல்டனில், மீளெண்ணலின் போது ஏறத்தாழ 3,000 சீட்டுகள் இருமுறை வருடப்பட்டிருக்கக்கூடும் என்பதனால், 2024 மே மாதத்தில் மாநிலத் தேர்தல் சபை அக்கவுண்டியைக் கண்டித்தது. தவறு தவறுதான். ஆயினும், மூன்று கணக்குகளுக்கு இடையிலான ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 900 வாக்குகள். முன்னிலையோ 11,000க்கும் மேல். வேறுவேறு முறைகளில் மூன்று முறை கேட்டபோதும் தாள்கள் ஒரே வேட்பாளரின் பெயரையே கூறின. நம்பிக்கைக்குரியது எந்த ஓர் எண்ணின் துல்லியமும் அன்று; தவறின் அளவு வெற்றியின் அளவை விடச் சிறியது என்று நிறுவப்பட்டதே நம்பிக்கைக்குரியது.

அஞ்சல் வாக்குகளின் கையொப்பங்கள் குறித்தும் குற்றச்சாட்டு எழுந்தது. கொப் கவுண்டியில் 15,118 உறைகளின் கையொப்பங்களை மாநிலப் புலனாய்வாளர்கள் ஆராய்ந்தனர். மோசடி வாக்கு ஒன்றேனும் காணப்படவில்லை. திருத்தியிருக்க வேண்டிய உறைகள் இரண்டு. ஒன்றில் வாழ்க்கைத்துணை கையொப்பமிட்டிருந்தார், மற்றதில் கையொப்பம் தவறான இடத்தில் இருந்தது.

இவை யாவும் முடிந்த பின்னர், 2021 ஜனவரி 2ஆம் நாள், பதவியிலிருந்த சனாதிபதி ட்ரம்ப் மாநிலச் செயலாளருடன் தொலைபேசியில் உரையாடினார். 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்கவே தாம் விரும்புவதாக அவர் கூறியது ஒலிப்பதிவாக வெளிவந்தது. இறுதி வேறுபாட்டினும் அது ஒன்று கூடிய எண். ராஃபென்ஸ்பெர்கர் இணங்கவில்லை. அவருடைய மனவுறுதி போற்றத்தக்கது. எனினும் அன்று அவருக்குத் துணைநின்றது மனவுறுதி மாத்திரம் அன்று. கையெழுத்திட்ட இடாப்புகளும், முத்திரையிட்ட பெட்டிகளும், மும்முறை எண்ணிய தாள்களும் 159 கவுண்டிகளில் இருந்தன. அவர் இணங்கியிருந்தாலும், அந்த வாக்குகள் எந்தப் பெட்டியில் இருந்து வந்தன என்று காட்ட முடிந்திருக்காது.

அடுத்து, உறுதிச்சான்று என்பதன் தன்மையைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். அது தேர்தலைப் பற்றிய ஒருவரின் தனிப்பட்ட கருத்தன்று. கணக்கு முறைப்படி முடிக்கப்பட்டது, கூட்டுத்தொகை இதுவே என்று எழுதிக் கையொப்பமிடும் கடமை. 2020 நவம்பர் 17ஆம் நாள், டெட்ரோயிட் நகரை உள்ளடக்கிய வெய்ன் கவுண்டியின் நால்வர் சபை, சில நிலையங்களில் இடாப்புக்கும் சீட்டுகளுக்கும் இடையே சிறு பொருத்தமின்மை இருந்ததைக் காட்டி இரண்டுக்கு இரண்டாகப் பிளவுண்டு நின்றது. சில மணி நேரத்தில் ஏகமனதாக உறுதிசெய்தது. நவம்பர் 23ஆம் நாள் மிச்சிகன் மாநிலச் சபையில், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஏரன் வான் லாங்கவெல்ட், உறுதிசெய்வதைத் தவிரச் சட்டம் தமக்கு வேறு அதிகாரம் தரவில்லை என்ற நிலைப்பாட்டில் ஆதரவாக வாக்களித்தார். 2022 ஜூனில் நியூ மெக்சிகோவின் ஒட்டெரோ கவுண்டியும், அவ்வாண்டு நவம்பரில் அரிசோனாவின் கொச்சீஸ் கவுண்டியும் உறுதிசெய்யத் தவறிய போது, நீதிமன்ற உத்தரவுகள் அவற்றைப் பணிய வைத்தன. 2024 அக்டோபரில் ஜோர்ஜியாவின் நீதிபதி ஒருவரும், உறுதிச்சான்று வழங்குவது கவுண்டி உத்தியோகத்தரின் கட்டாயக் கடமை என்றே தீர்ப்பளித்தார்.

அவ்வாறாயின் உண்மையான முறைகேட்டுக்குப் பரிகாரம் எங்கே? நீதிமன்றத்தில். 2008இல் மின்னசோட்டா மாநிலத்தின் செனட் தேர்தலில், முதற்கணக்கில் 215 வாக்குகளால் பின்தங்கியிருந்த அல் பிராங்கன், கையால் மீளெண்ணியதன் பின்னர் முன்னிலை பெற்றார். தோல்வியுற்ற தரப்பு வழக்குத் தொடுத்தது. நீதிபதிகள் சீட்டுகளையும் சான்றுகளையும் ஆராய்ந்த பின்னர் 312 வாக்குகளால் அவரே வென்றவர் என்பது உறுதியாயிற்று. 2009 ஜூலையிலேயே அவர் பதவியேற்றார். முடிவு மாறவும் கூடும் என்பதற்கு இது சான்று. ஆனால் அதனை மாற்றியது சான்றாதாரம். கையொப்பமிட மறுத்த ஓர் உத்தியோகத்தரின் விருப்பமன்று. சாட்சியம், குறுக்கு விசாரணை, மேன்முறையீடு எனும் பாதுகாப்புகள் நீதிமன்றத்தில் உண்டு. ஒரு கவுண்டிச் சபை கையொப்பமிட மறுக்கும் போது, அப்பாதுகாப்பு எதுவுமின்றிப் பல்லாயிரம் மக்களின் வாக்குகள் செல்லாக்காசாகும் ஆபத்து எழுகின்றது.

அன்பார்ந்த தமிழ் மக்களே! வாக்குரிமையின் அருமையைத் தமிழருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. புலம்பெயர்ந்த நாட்டில் குடியுரிமை பெற்று முதன்முறையாக வாக்களித்த நாளை மறவாத குடும்பங்கள் ஏராளம். ஆயினும் கடமை வாக்குப் பெட்டியோடு முடிந்துவிடுவதில்லை. கவுண்டிச் சபைகளின் சரிபார்ப்புக் கூட்டங்கள் பொதுமக்கள் முன்னிலையில் நடைபெறுபவை. தேர்தல் நாட் பணியாளர்களுக்கான தேவை ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு. இடாப்பைத் திறப்பவராக, சீட்டை எண்ணுபவராக, பார்வையாளராகத் தமிழ்க் குடிமக்களும் அம்மேசையில் அமர வேண்டும். வதந்தி வீட்டு வாசலுக்கு வரும்போது, “எந்தக் கவுண்டி, எத்தனை வாக்கு, எந்தப் பதிவேடு?” என்று கேட்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு இல்லத்திலும் இருக்க வேண்டும்.

வென்றவரின் ஆதரவாளர்கள் ஒரு கணக்கை நம்புவது எளிது. தோற்றவரும் சரிபார்த்து ஏற்கக்கூடிய கணக்கே சனநாயகத்தின் கணக்கு. அத்தகைய கணக்கு ஒரு நாளில் பிறப்பதில்லை. பெயர் அறியப்படாத ஆயிரக்கணக்கான பணியாளர்கள், தாம் ஆதரிக்காத வேட்பாளரின் வாக்கையும் ஒன்று குறையாமல் எண்ணி வைப்பதனாலேயே அது பிறக்கின்றது.