பள்ளி என்னும் சொல்



"பள்ளி" என்றவுடன் இன்று தமிழர் மனத்தில் தோன்றுவது பிள்ளைகள் பயிலும் இடமே. ஆயினும் தென்னாட்டு மொழிகளில் இச்சொல் பல பொருள்களோடு வாழ்கிறது. தெலுங்கில் 'பல்லெ' என்றால் சிற்றூர். பழங்கன்னடப் 'பள்ளி', பகரம் ஹகரமாகத் திரிந்து 'ஹள்ளி' ஆயிற்று. அங்கும் ஊர் என்பதே பொருள். மலையாளத்தில் கிறித்தவர் தேவாலயமும் பள்ளி, இசுலாமியர் தொழுமிடமும் பள்ளி. மட்டாஞ்சேரியில் யூதர் ஆலயம் 'ஜூதப்பள்ளி'. தமிழில் பள்ளியறையும் பள்ளியெழுச்சியும் துயிலைக் குறிக்கின்றன.

இப்பொருள்கள் அனைத்தையும் இணைப்பது 'தங்குதல்' என்னும் கருத்தாகும். குடிகள் தங்கினால் ஊர். உடல் தங்கினால் படுக்கை. துறவியர் தங்கினால் தவப்பள்ளி.

மதுரைக்கு அருகே மாங்குளம் குன்றில் கி.மு. காலத்துத் தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன. கணி நந்தன் என்னும் முனிவருக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தியை, நெடுஞ்செழியன் பெயரோடு அவை கூறுகின்றன. அப்பள்ளி மாடமாளிகையன்று, குகைத்தளத்தில் வெட்டப்பட்ட கற்படுக்கைகளே. ஓரிடத்தில் நில்லாது நடக்கும் முனிவர் மழைக்காலத்தில் தங்குவர். தங்கிய இடத்தில் இல்லறத்தார் அறம் கேட்பர். படுக்கை பாடசாலையாக வளர்வதற்கு இவ்வாறு வழி பிறந்தது.

அவ்வளர்ச்சிக்கு வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடல் சான்றாகும். ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் ஆசிரியரையும் அவருடைய 500 மாணாக்கியரையும் குறிக்கிறது. பெண்கள் கூடிப் பயின்ற பள்ளி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் இருந்தது.

எனினும், 'பள்ளி' சமணர்க்கு மட்டுமே உரிய சொல் என்று வாதிடுதல் பொருந்தாது. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரம் 'இராசராசப் பெரும்பள்ளி' எனப்பட்டது. சமணப் பள்ளிகளுக்கும் பௌத்தப் பள்ளிகளுக்கும் விடப்பட்ட இறையிலி நிலம் 'பள்ளிச்சந்தம்' என்னும் ஒரே பெயர் பெற்றது. சொல் எல்லோர்க்கும் பொது. அச்சொல்லுக்குக் கல்வி என்னும் பொருள் செழிக்க உழைத்தோருள் சமணர் முன்னிற்பவர். அவர்தம் பெருமை அதுவே.

சமணம் போற்றும் நால்வகைத் தானங்கள் ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்பன. தங்க இடமளித்து அச்சம் நீக்குவதும், அறிவு வழங்குவதும் பள்ளி என்னும் ஒரு சொல்லில் ஒன்றாகின்றன. கற்படுக்கை அமைத்தவர் முதல் தானத்தைச் செய்தார். அங்கு அமர்ந்து கற்பித்தவர் அடுத்ததைச் செய்தார்.

இன்று அப்படுக்கைகள் பலவற்றின் மீது வருவோர் தம் பெயர்களைக் கீறிச் செல்கின்றனர். குன்றுகள் சில கல்லுடைப்பால் தேய்கின்றன. கல் அழிந்தால் சொல்லின் சான்று அழியும். ஆண்டுக்கொரு முறையேனும் பிள்ளைகளைக் குன்றேற்றி, அப்படுக்கைகளைக் காட்டி, "நீங்கள் நாள்தோறும் செல்லும் பள்ளிக்குப் பெயர் இங்கிருந்த பள்ளியின் பெயரே" என்று பெற்றோர் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். ஊரில் வசதியற்ற ஒரு பிள்ளையின் படிப்பை ஏற்கும் குடும்பம், கணி நந்தனுக்குப் படுக்கை வெட்டுவித்தவரின் அறத்தையே தொடர்கிறது.

அறம் வளர்க! ஜினதருமம் ஓங்குக!