இரண்டு சர்க்கார் சண்டையில் விவசாயி கதி என்ன?

(டீசல் வரி எதிர்ப்பு ஆர்ப்பாட்டத்தில் ஆற்றிய உரை)



டீசல் வரியைப் பற்றிப் பேசத்தான் கூடியிருக்கோம். அதுக்கு முன்னால கனடா நாட்டுச் சங்கதி ஒண்ணு சொல்றேன்.

புகையால பூமி சூடாகுது, மழை தப்புது. அதை நாம மறுக்கலை. எரிபொருள் புகைக்கு விலை வைக்க, கனடா மத்திய அரசு 2018-ல் சட்டம் போட்டது. சொந்தத் திட்டம் இல்லாத மாகாணங்களில் 2019 ஏப்ரல் முதல் தானே வசூலித்தது. டன்னுக்கு 20 டாலர். 2024-ல் அது 80. வசூலில் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தது.

"எங்க அதிகாரத்துல கை வைக்காதே" என்று சஸ்காச்சுவான், ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா மாகாணங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2021 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டில் 6-க்கு 3 என்று மத்திய அரசு ஜெயித்தது.

சரி, விவசாயி கதி? டிராக்டர் டீசலுக்கு விலக்கு உண்டு. ஆனா ஈரத் தானியத்தைக் காயவைக்கிற மெஷின் எரிவாயுவில் ஓடுது. அதுக்கு விலக்கு இல்லை! ஈர நெல்லோட கொள்முதல் நிலையத்துல காத்துக் கிடந்த நமக்கு அந்த வலி தெரியும். கத்தின பிறகு, 2021 கணக்கிலிருந்து ஒரு பகுதி திரும்பி வந்தது. முழு விலக்கு மசோதா 2023-ல் கீழ்சபையில் தேறியது. மேல்சபை திருத்தி அனுப்பியது. கிடப்பில் கிடந்து 2025-ல் காலாவதி ஆனது.

அதே 2023-ல் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூணு வருஷம் வரியை நிறுத்தினார்கள். "எங்க ஜனம் எரிவாயுதானே எரிக்குது?" என்று சஸ்காச்சுவான் 2024 ஜனவரி முதல் அந்த வரியை வசூலிக்கவே மறுத்தது. கடைசியில் 2025 ஏப்ரல் 1-ல் மத்திய அரசே எரிபொருள் கட்டணத்தைப் பூஜ்யமாக்கியது. பெரிய ஆலைகளுக்கான விலை மட்டும் நீடிக்குது.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. 2021-ல் டீசலில் லிட்டருக்கு 4 ரூபாய் செஸ் போட்டார்கள். பேரு என்ன? வேளாண் உள்கட்டமைப்பு செஸ்! மற்ற வரியைக் குறைத்துவிட்டதால் விலை ஏறாது என்றார்கள். ஆனா செஸ் பணத்தில் மாநிலத்துக்குப் பங்கு கிடையாது. மாநிலம் மத்தியைத் திட்டுது, மத்தி மாநில வாட்டைக் காட்டுது. பம்புசெட்டுக்கு டீசல் ஊத்துறவன் இரண்டையும் கட்டுறான்.

யாருக்கு அதிகாரம் என்பது அவங்க வழக்கு. வயலுக்கு ஊத்துற டீசலுக்கு வரி கூடாது என்பது நம்ம வழக்கு. அதை நாமதான் பேசணும். இரண்டு சர்க்காருக்கும் மனு கொடுப்போம், கிராமம் கிராமமா கையெழுத்து வாங்குவோம்!

விவசாய டீசலுக்கு வரி விலக்கு கொடு!
எங்கள் பேரில் வாங்கும் செஸ்ஸுக்கு ஊர்வாரியா கணக்குக் காட்டு!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!