பூதம் யாருக்குச் சொந்தம்?

1967 ஏப்ரலில் வெளிவந்த 'பட்டணத்தில் பூதம்' படத்தின் கதை லண்டனில் பிறந்தது என்று எங்கள் வடக்கனந்தல் டீக்கடையில் சொன்னால், "போங்க சார், அது ஜாவர் சீதாராமன் எழுதின கதையாச்சே" என்பார்கள். பாதி சரிதான். திரைக்கதை எழுதியவரும் ஜீபூம்பா என்ற அந்தப் பூதமாக நடித்தவரும் ஜாவர்தான். ஆனால் ஜாடிக்குள் அடைபட்ட பூதத்தை இந்தக் காலத்து நகரத்தில் திறந்துவிட்டு வேடிக்கை பார்த்தவர் எஃப். ஆன்ஸ்டி என்ற ஆங்கில எழுத்தாளர். 'தி பிராஸ் பாட்டில்' என்ற அவருடைய நாவல் வந்தது 1900இல். ஹாலிவுட் அதை 1964இல் படமாக்கியது. மூன்றே ஆண்டில் எம்.வி.ராமன் இயக்கத்தில் ஜெய்சங்கர், கே.ஆர்.விஜயா, நாகேஷ் நடிக்கத் தமிழுக்கு வந்துவிட்டது.

ஜாவருக்கும் வெளிநாட்டு நாவல்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. விக்டர் ஹ்யூகோவின் நாவலைச் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தார். அது 1950இல் படமானபோது அதில் ஜாவர் என்ற போலீஸ் அதிகாரியாக நடித்தார் சீதாராமன். அந்தப் பெயர் கடைசிவரை அவரோடு ஒட்டிக்கொண்டது. 1965இல் ஏவி.எம். எடுத்த 'குழந்தையும் தெய்வமும்' படத்துக்கு எழுதியவரும் அவரே. அதன் வேர் எரிக் கெஸ்ட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் இரட்டைச் சிறுமிகளை வைத்து எழுதிய சிறுவர் நாவலில் இருக்கிறது. அயலூர்க் கதையை வாங்கி, நம் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, நம் பேச்சைப் பேசவைப்பது அவருக்குக் கைவந்த கலை.

போன பொங்கல் விடுமுறையில் 'பட்டணத்தில் பூதம்' படத்தை எங்கள் வீட்டு டி.வி.யில் போட்டோம். வெளியே கரும்பு வெட்டு மும்முரம். கச்சிராயபாளையம் ஆலைக்குப் போகிற டிராக்டர்கள் வாசலை உலுக்கிக்கொண்டே போயின. உள்ளே ஒரு கூட்டம். கல்வராயன் மலை மேலிருந்து அறுவடைக்கு ஒத்தாசையாக வந்திருந்த உறவுக்காரர்கள், தெருப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், எங்கள் ஆயா. படம் முடிந்ததும் நான் சும்மா இருந்திருக்கலாம். "எப்படி இருந்தது?" என்று கேட்டு வைத்தேன்.

ஆயாவின் கட்சி தெளிவு. "அப்ப கொட்டாயில மணலைக் குவிச்சி மேல ஏறி உக்காந்து பாத்தோம். பூதம் வந்ததும் புள்ளைங்க முந்தானையில பூந்துக்கும். இப்பப் பாரு, இதுங்க சிரிக்குதுங்க. பயமில்லாத பூதம் என்னாத்துக்கு?" பயப்படுத்தாத பூதத்தின் மேல் அவருக்கு மதிப்பே இல்லை.

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கதையில் அக்கறையில்லை. ரிமோட்டைக் கைப்பற்றி, பூதம் மறைகிற இடத்தில் நிறுத்தினான், பின்னால் ஓட்டினான், மறுபடி விட்டான். "தாத்தா, இங்க கேமராவ நிறுத்திட்டு ஆள வெளிய அனுப்பிட்டாங்க" என்று கண்டுபிடித்தான். கெட்டிக்காரன். கேமரா நகராமல், மற்ற நடிகர்கள் இம்மியும் அசையாமல் நிற்க, ஒருவர் மட்டும் விலகிப் போய்விட வேண்டும். பிறகு கேமராவை மறுபடி ஓட்ட வேண்டும். ஒருவரைப் பெரிதாகவும் இன்னொருவரைச் சிறிதாகவும் ஒரே சட்டத்தில் காட்ட, பிலிமின் ஒரு பாதியை மறைத்துவிட்டு ஒரு முறை, மறு பாதியை மறைத்துவிட்டு இன்னொரு முறை என்று அதே சுருளைத் திரும்ப ஓட்டுவார்கள். நூலிழை பிசகினாலும் சுருள் வீண். கம்ப்யூட்டர் இல்லாத நாளில் இந்தப் படத்தின் தந்திரக் காட்சிகளைப் பார்த்துக்கொண்டவர் ரவிகாந்த் நகாய்ச். இதையெல்லாம் சொன்னதும் பையன், "அப்ப நாகேஷ் அவ்வளவு நேரம் சிரிக்காம நின்னாரா?" என்றான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதிலில்லை.

கூட்டத்தில் பேச்சு அதிகம் சூடானது அரசியல் பேசும் உறவுக்காரர் ஒருவரால். படத்தில் சிவகாமியின் மகனைக் குறித்துக் கண்ணதாசன் எழுதிய பாட்டு ஒன்று உண்டு. கேட்டால் முருகனைப் பற்றியதுபோல இருக்கும். ஆனால் காமராசரின் தாயார் பெயர் சிவகாமி அம்மாள். கவிஞர் தலைவருக்குத் தூது விட்டார் என்று அன்றே ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சுக்கு அப்போது ஒரு வேகமும் இருந்தது. 1967 பிப்ரவரித் தேர்தலில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது, காமராசரே விருதுநகரில் தோற்றார், மார்ச்சில் அண்ணா முதலமைச்சரானார். ஏப்ரலில் படம் வருகிறது. "நாங்கள்லாம் அந்தப் பாட்டுக்காகவே ரெண்டாம் ஆட்டம் போனோம், பூதத்தை யாரு பாத்தா?" என்றார் உறவுக்காரர். ஒரு மாயாஜாலப் படத்துக்குள் உட்கார்ந்துகொண்டு பெரியவர்கள் தேர்தல் முடிவை அசைபோட்டிருக்கிறார்கள்! பக்கத்தில் பிள்ளைகள் ஜாடியைத் தவிர வேறெதையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

தமிழாசிரியர் ஐயா கடைசியில்தான் வாயைத் திறந்தார். அவர் சொன்னதைத்தான் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாவலின் கதையை நான் சுருக்கமாகச் சொல்லியிருந்தேன். ஹொரேஸ் என்ற ஓர் இளைஞன், கட்டடக் கலைஞன், வேலை வாய்ப்பே இல்லாதவன், ஏலத்தில் பித்தளைப் புட்டி ஒன்றை வாங்குகிறான். உள்ளே சாலமன் அரசர் அடைத்து வைத்த பூதம். வெளியே வந்ததும் நன்றிக்கடன் செலுத்துகிறேன் என்று லண்டன் தெருவில் ஒட்டகங்களின் மேல் செல்வத்தை ஏற்றி அவன் வீட்டு வாசலுக்கு அனுப்புகிறது. அவன் கட்டிக்கொள்ள இருக்கிற பெண்ணின் தகப்பனாரான பேராசிரியரை ஒற்றைக் கண் கோவேறு கழுதையாக்கிவிடுகிறது. ஆன்ஸ்டியின் பூதம் செய்கிற ஒவ்வொரு உதவியும் உபத்திரவம். கேட்டு வாங்கிய வரமல்ல, கேட்காமல் வந்து விழுந்த தொல்லை.

இதைக் கேட்டுவிட்டு ஐயா சொன்னார்: "நம்ம ஆளுங்க அப்படிப் பூதத்தை ஏத்துக்க மாட்டாங்க. புகார் நகரத்துச் சதுக்கப் பூதம் பொய்ச்சாட்சி சொன்னவனைக் கட்டி இழுத்து அடிச்சுத் தின்னுது. கோவலன் போய், 'அவனை விட்டுடு, என் உயிரை எடுத்துக்கோ'ன்னு கெஞ்சினப்ப, நல்லவன் உயிரை வாங்க மாட்டேன்னு மறுத்துச்சு. சிலப்பதிகாரத்துல இருக்குது. நம்ம பூதத்துக்குத் தர்ம நியாயம் உண்டு. புதையலைக் காக்கும், கெட்டவனைத் தண்டிக்கும். ஜாவர் அதனாலதான் ஜீபூம்பாவை நல்லவனா ஆக்கிட்டாரு."

ஜாவர் சிலப்பதிகாரத்தை மனத்தில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கொட்டகையில் உட்கார்ந்தவர்களின் மனத்தில் எந்தப் பூதம் ஏற்கெனவே குடியிருந்தது என்பதை ஐயா சரியாகப் பிடித்தார். ஆங்கில நாவலைப் படித்தவர் அந்தக் கூட்டத்தில் யார் இருந்திருக்கப் போகிறார்கள்? நாவலிலிருந்து வந்த படம் என்றால் இன்று முதல் சண்டையே "புத்தகத்துல இப்படி இல்லையே" என்பதுதான். 'பொன்னியின் செல்வ'னுக்கு நடந்ததைப் பார்த்தோம். கல்கியை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் மணிரத்னத்தைக் கூண்டில் ஏற்றினார்கள். ஹாரி பாட்டர் படங்களுக்கும் அதேதான். ஜீபூம்பாவுக்கு அந்த வழக்கே வரவில்லை. அவனை ஒப்பிட நம் மக்களிடம் இருந்தவை பாட்டி சொன்ன கதைகளும் அம்புலிமாமா பத்திரிகையும்தான். 1947 ஜூலையில் அம்புலிமாமாவைத் தொடங்கிய நாகி ரெட்டியும் சக்கரபாணியுமே பிறகு 'பாதாள பைரவி', 'மாயா பஜார்' எடுத்தவர்கள். பத்திரிகைப் பிள்ளைகளும் கொட்டகைப் பிள்ளைகளும் ஒரே பிள்ளைகள். மாயம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் முன்பே தீர்மானித்துவிட்டார்கள்.

என் கணக்குக்கு, நாவலின் கிண்டலை இழந்தது படத்துக்கு நஷ்டம்தான். உதவி செய்தே ஒருவனை நடுத்தெருவுக்குக் கொண்டுவரும் பூதம் தமிழில் வந்திருந்தால் நாகேஷுக்கு அல்வா சாப்பிடுவதுபோல இருந்திருக்கும். ஆனால் குழந்தைகள் தீர்ப்பு வேறு. பூதம் கூடவே இருக்கணும், சொன்னதைச் செய்யணும். இந்தப் படத்தைப் பார்த்தே இராத குழந்தைகூட இன்று பென்சிலை ஆட்டி ஜீபூம்பா என்கிறது. அதற்கு மேல் எந்த விமர்சகன் என்ன சொல்ல?

மலையிலிருந்து வந்திருந்த ஒரு சிறுமி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிமலைப் பக்கத்துப் பிள்ளை, அதிகம் பேசமாட்டாள். ரொம்ப வற்புறுத்தின பிறகு, "பூதம் ஏன் பெரியவங்க கிட்டயே போவுது? அவங்க லவ் பண்றதுக்கா?" என்றாள்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. உண்மைதானே. ஆன்ஸ்டி நாவலை எழுதியது பெரியவர்களுக்கு. ஹொரேஸுக்குக் கல்யாணம் ஆக வேண்டும். தமிழிலும் ஜாடி கிடைப்பது வாலிபர்களுக்கு. இரண்டையும் பிள்ளைகள் தாமாக வந்து எடுத்துக்கொண்டார்கள். யாரும் அவர்களுக்கென்று செய்து கொடுக்கவில்லை. குழந்தைகள் கையிலேயே பூதத்தைக் கொடுத்தவர்கள் மலையாளிகள். 1984இல் நவோதயா எடுத்த 'மை டியர் குட்டிச்சாத்தான்', இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். அதில் மந்திரவாதியிடமிருந்து குட்டிச்சாத்தானை விடுவிப்பவர்களே பள்ளிப் பிள்ளைகள்தான். ஆனால் அது நாவலிலிருந்து வந்ததல்ல. தமிழில் வாண்டுமாமா மாயாஜாலக் கதைகளை எழுதிக் குவித்தார். மலைக்குகையும் மந்திரவாதியும் சின்னப் பையனும் அவற்றில் உண்டு. தயாரிப்பாளர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அந்தப் புத்தகங்களைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கட்டும். வெள்ளிமலைச் சிறுமியின் புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது.